பத்தே கால் மணித் தோசை

மூன்றரை வயதுக் குழந்தைக்கு இரவு 10.15 மணிக்குத் தோசை சுட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் கூத்து இல்லை. போன வருடம் ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை கிட்டத்தட்ட அன்றாடம். படுக்கையில் போட்டுக் கால் மணி நேரம் ஆனதும் "பசிக்குது" என்று ஒரு சொல் வரும். பசிக்கிறது என்கிற குழந்தையை எந்த அப்பன் அதட்டிப் படுக்க வைப்பான்? கல்லைப் போடுவேன். தோசையில் பாதியைத் தின்பாள், மீதியைப் பிய்த்து யானை செய்வாள். அப்புறம் தண்ணீர். அப்புறம் ஒண்ணுக்கு. அப்புறம், சாயங்காலம் தெருவில் பார்த்த நாய்க்குட்டி இப்போது எங்கே படுத்திருக்கும் என்று ஒரு விசாரணை. என் அம்மா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, வீட்டில் தெளிவாக இருக்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

எனக்குக் கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். மனைவி பள்ளி ஆசிரியை. பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது என் அம்மா, அதாவது அவளுடைய ஆத்தா. ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீடு. இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், குழந்தைத் தூக்கத்தைப் பற்றி இணையத்தில் படிக்கிற பாதி யோசனைகள் "குழந்தையின் அறையில்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அந்த இடத்திலேயே எங்கள் வீடு ஆட்டத்திலிருந்து வெளியேறிவிடுகிறது.

எல்கேஜி சேர்ந்த இரண்டாவது வாரமே பள்ளியிலிருந்து மனைவிக்குச் செய்தி வந்தது. பதினொரு மணி வாக்கில் பெஞ்சிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாளாம். காலையில் வேனில் ஏற்றுவதும் பெரும்பாடுதான். தூங்குகிற வாயில் இட்லியைத் திணித்து, தூங்குகிற காலில் ஷூவை மாட்டி, மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு ஓடுவோம். பிள்ளை கொஞ்சம் துறுதுறு, அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சளிக்காகக் குழந்தைகள் டாக்டரிடம் போனபோது போகிற போக்கில் இதையும் சொன்னேன். ராத்திரி எப்படித் தூங்க வைப்பது என்று ஏதாவது வழி சொல்வார் என்று பார்த்தால், அவர் ராத்திரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை? மத்தியானம் எப்போது படுக்கிறாள்? குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளா? இதில் கடைசிக் கேள்விக்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் குழந்தைக்கு மூச்சு தடைப்பட்டு, எத்தனை மணி நேரம் படுத்தாலும் நல்ல தூக்கம் இருக்காது. நாம் என்னதான் கதை சொல்லி, விளக்கு அணைத்துப் பார்த்தாலும் அது அதற்கு மருந்து ஆகாது. பாப்பாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. "ஒரு வாரம் நோட்டுல எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எழுதுவது எனக்குப் பழக்கம்தான். பட்டறையில் ஒவ்வொரு ஜாப்புக்கும் எப்போது ஏற்றினோம், எப்போது இறக்கினோம் என்று குறித்து வைப்பேன். அதே நோட்டில் பின்பக்கம் கோடு போட்டு எழுதினேன். வாரக் கடைசியில் பார்த்தால் வியப்பாக இருந்தது. பள்ளி நாட்களில் இரவு 11.20க்குத் தூங்கி 6.45க்கு எழுகிறாள். மத்தியானம் ஒரு மணிக்கு வேன் வந்து, சாப்பிட்டு, ஆத்தா சற்றுக் கண்ணயரும் நேரத்தில் மொபைலில் பொம்மைப்படம் பார்த்து, 4.15க்குச் சுருண்டு படுத்தால் 6.30. எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நாற்பது நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரையில் 3, 4 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் என்று இருக்கிறது. 1, 2 வயதுக்கு 11 முதல் 14. அதோடு ஒத்துப்பார்த்தால் எங்களுக்குக் குறைந்தபட்ச அளவிலேயே இருபது நிமிடம் துண்டு விழுந்தது, அவ்வளவுதான். பெரிய பஞ்சம் ஒன்றும் இல்லை. தூக்கம் இருக்கிறது, ஆனால் இடம் மாறிக் கிடக்கிறது.

இதற்குப் பிறகுதான் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். தூக்கத்தை இரண்டு கயிறுகள் இழுக்கின்றன என்பதை 1982இல் சூரிச்சில் இருந்த அலெக்சாண்டர் போர்பேய் என்ற ஆய்வாளர் ஒரு கோட்பாடாக எழுதிவைத்தார். ஒன்று, முழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறிக்கொண்டே போகும் தூக்கப் பசி. இன்னொன்று, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். முதலாவது வயிற்றுப் பசி மாதிரியேதான். சாயங்காலம் ஆறு மணிக்கு நான்கு பஜ்ஜியை உள்ளே தள்ளிவிட்டு எட்டு மணிக்கு இலை போட்டால் யாருக்கு இறங்கும்? பாப்பா தினமும் ஆறரை வரை தூக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். நாங்கள் ஒன்பது மணிக்கு இலை போட்டுவிட்டு, சாப்பிட மாட்டேன் என்கிறாளே என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதல் மாற்றம் மத்தியானத்தில்தான். சாப்பிட்ட கையோடு இரண்டு மணிக்குப் படுக்க வேண்டும், மூன்றேகாலுக்கு எழுப்பிவிட வேண்டும். சொல்வது சுலபம். தூங்குகிற பிள்ளையை எழுப்புவது பாவம் என்பது ஆத்தாவின் கட்சி. முதல் வாரம் நான் பட்டறையிலிருந்து மூன்று மணிக்குப் போன் செய்து எழுப்பச் சொல்வேன். "செரி, எழுப்பறேன்" என்பார். நாலரைக்கு மறுபடி கூப்பிட்டால், "இப்பத்தான் அசந்து தூங்குது சாமி" என்பார். கடைசியில் மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்றேகாலுக்குப் பக்கத்து வீட்டுப் பையன்களை வாசலில் விளையாட வரச் சொன்னாள். அந்தச் சத்தத்துக்கு எழாத குழந்தை உண்டா?

இரண்டாவது கயிறு கடிகாரம். அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மணி சொல்லும். இருட்டினால் மூளையில் பீனியல் சுரப்பி மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோனைச் சுரக்கும், வெளிச்சம் பட்டால் நிறுத்திவைக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் கண்மணி விரிந்தது, கண் வில்லை தெளிவானது. அதே விளக்கடியில் உட்கார்ந்தாலும் அவர்களுக்குள் அதிக வெளிச்சம் போகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பள்ளிக்கு முந்தைய வயதில் பத்துக் குழந்தைகள். படுக்கும் நேரத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். மெலடோனின் கிட்டத்தட்ட 90 சதவீதம் இறங்கிவிட்டது. பத்தே குழந்தைகள், வெளிச்சமும் நம் கூடத்து விளக்கைவிடப் பலமடங்கு அதிகம். அதனால் எண்ணை அப்படியே நம் வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. ஆனாலும் திசை தெரிகிறது அல்லவா?

எங்கள் கூடத்தில் இருந்தது பளீரென்ற வெள்ளை எல்இடி டியூப். அதை எட்டு மணிக்கு அணைத்துவிட்டு, மூலையில் ஒரு மஞ்சள் பல்பு மட்டும் போடுவதென்று முடிவானது. செலவு எண்பது ரூபாய். டியூப்லைட் சுலபமாகப் போய்விட்டது. டிவி போகவில்லை.

ஆத்தாவுக்கு இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை மூன்று சீரியல். பகலெல்லாம் பேத்தி பின்னால் ஓடுகிற மனுஷிக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெதுவாகச் சுற்றி வளைத்து, "அம்மா, நாங்க சின்னதா இருக்கறப்ப எத்தன மணிக்குத் தூங்குவோம்?" என்று கேட்டேன். அவர் ஊர் தாராபுரம் பக்கம், காடு தோட்டம். "அப்பக் கரண்டு ஏது? அரிக்கேன் லைட்டுக்கு மண்ணெண்ண ஊத்தவே கணக்குப் பாக்கோணும். பொழுது உளுந்தா ஒரு வாய் தின்னுபோட்டுப் படுத்தா, கோழி கூப்புடத்தான் முழிப்பு" என்றார். சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்கு இப்ப டிவிய நிறுத்தோணும்ங்கறயா?" என் அம்மாவைச் சுற்றி வளைக்க என்னால் ஆகாது. கடைசியில் ஒரு சமரசம். ஏழு மணிக்கே சாப்பாடு, எட்டேகாலுக்குப் பாப்பாவும் என் மனைவியும் படுக்கையறைக்குள், கதவு சாத்தல். கூடத்தில் டிவி குறைந்த சத்தத்தில். முழு வெற்றி இல்லை, ஆனால் வீட்டில் சண்டை இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

பட்டறையைச் சாத்திவிட்டு நான் வீட்டுக்கு வருவது ஒன்பது, ஒன்பதேகால். தெரு முனையிலேயே பைக் ஹாரனை இரண்டு தடவை அடிப்பேன். அது எங்களுக்குள் ஒரு சைகை. உள்ளே பாதித் தூக்கத்தில் இருப்பவள் எழுந்து வாசலுக்கு ஓடி வருவாள். தூக்கி மேலே போட்டுப் பிடிப்பேன், கிச்சுக்கிச்சு மூட்டுவேன், முதுகில் ஏற்றிக்கொண்டு யானை. நாள் முழுக்க இரும்புச் சுருளோடும் எண்ணெயோடும் கிடந்துவிட்டு வருபவனுக்கு அந்த அரை மணி நேரம்தான் சம்பளம். பத்து மணிக்கு, "செரி, அப்பாக்கு டயர்ட், போய்த் தூங்கு" என்று இறக்கிவிடுவேன். நான் சாப்பிட்டு மொபைலோடு உட்கார்ந்துவிடுவேன். தோசை சுடுவதைத் தவிர அதற்கு மேல் நடப்பதெல்லாம் மனைவியின் பாடு.

நோட்டில் ஒரு வாரம் எழுதியதில் இதுவும் பதிவாகியிருந்தது. ஒன்பது மணிக்கு இரண்டு நாள் அவள் கண் செருகியிருக்கிறாள் என்று மனைவி தன் கையெழுத்தில் குறித்திருந்தாள். நான் வராத ஒரு நாள், ஓர் அவசர வேலைக்காகப் பட்டறையிலேயே இருந்துவிட்ட அன்றைக்கு, 9.40க்கே தூங்கியிருக்கிறாள். அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள். "ஏனுங்க, தூங்க வெக்கறது நானு, எழுப்பி உடறது நீங்களா?"

லேத்தில் சுவிட்சை அணைத்தாலும், இரும்பைக் கவ்விச் சுற்றும் சக் உடனே நிற்காது. வேகம் குறைந்து குறைந்து, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அவசரத்துக்குக் கையை வைத்து நிறுத்தப் பார்த்த பையன்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு, முழு வேகத்தில் சுற்றவிட்ட குழந்தையைப் பத்து மணிக்கு ஒரே சொல்லில் நிறுத்திவிடலாம் என்று எப்படித் தோன்றியது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தூக்கம் வந்தால் சோர்ந்து உட்காருவோம். குழந்தைகளுக்குத் தூக்க நேரம் தாண்டிவிட்டால் பலசமயம் நேர்மாறு. ஓடும், சிரிக்கும், ஒன்றுமில்லாததற்கு அழும். "தெம்பா இருக்கு, இன்னும் தூக்கம் வரல" என்று நாங்கள் நினைத்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஆட்டம்தான்.

என்ன செய்வது? சீக்கிரம் வந்துவிடு என்று சொல்வது எளிது. பட்டறைக்குச் சரக்கு வருவதே சாயங்காலம்தான். கணக்குப் போட்டு, திறக்கும் நேரத்தை 9.30லிருந்து 8.30 ஆக்கினேன். வாரத்தில் நான்கு நாள் ஏழு மணிக்குச் சாத்துவது, இரண்டு நாள் பழையபடி. இரவு எட்டு மணிக்குக் காஸ்டிங்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு விடிவதற்குள் கேட்கிற ஒரு வாடிக்கை இதில் கைவிட்டுப் போனது. மாதம் நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய் வரும் வேலை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். யானை விளையாட்டைக் காலைக்கு மாற்றினோம். ஆறரைக்கு எழுந்ததும் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவேன். நான்கு தொட்டிச் செடிக்குத் தண்ணீர், காக்காய்க்கு ஒரு பிடி சோறு, இரண்டு ரவுண்டு யானை. இதில் ஒரு லாபம் எனக்கு முதலில் தெரியாது. காலை வெயில் கண்ணில் படுவதுதான் அந்த உள்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. காலையில் வெளிச்சம் முன்னதாகப் பட்டால் ராத்திரித் தூக்கமும் முன்னதாக வரும். ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை தூங்கவிடுவதையும் நிறுத்தினோம். ஞாயிறு விட்டுப்பிடித்தால் திங்கள் இரவு தோசைக்கல்லை எடுக்க வேண்டிவரும் என்று நோட்டே சொன்னது.

படுக்கைக்கு முந்தைய முக்கால் மணி நேரம் இப்போது ஒரே வரிசை. வெந்நீர்க் குளியல், பல் தேய்ப்பது, ஒண்ணுக்கு, ஒரு டம்ளர் தண்ணீர், கதை, விளக்கு. வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும் உடம்புச் சூடு மெல்ல இறங்கும்போது தூக்கம் நன்றாகப் பிடிக்கிறது. தூங்கப்போகும் உடம்பு தானாகச் செய்வதும் அதைத்தான். இந்தியா உட்படப் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் கேட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்தில் எத்தனை நாள் இந்த மாதிரி வரிசை தவறாமல் நடக்கிறதோ அந்த அளவுக்குத் தூக்கமும் சீராக இருந்தது தெரிந்தது. ஏழு நாளும் முடியாவிட்டால் ஐந்து நாளாவது என்று இதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். கதை ஒன்றுதான். இரண்டாவது கதை கேட்டால் நாளைக்கு. இதில் மட்டும் மனைவி இரும்பு. நான் படுக்க வைக்கும் நாளில் மூன்று கதை வரை போகும், அது பாப்பாவுக்கும் தெரியும்.

தனியாகப் படுக்கவைத்து அழவிடும் முறையையும் ஒருநாள் முயன்றோம். ஆஸ்திரேலியாவில் அந்த வகைப் பழக்கங்களுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், நீடித்த கேடும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்றுதான் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது பன்னிரண்டு நிமிடம்தான் தாங்கியது. ஆத்தா கதவைத் திறந்துகொண்டு போய்த் தூக்கிவிட்டார். "பெத்தவிங்க ரெண்டு பேரும் கல்லுக்குண்டாட்டம் உக்காந்திருக்கீங்க" என்று திட்டு வேறு. உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான்.

சேர்ந்து படுப்பது தப்பா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஆசியாவிலும் மேல்நாடுகளிலுமாகப் பதினேழு இடங்களில் 29,000க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளைப் பற்றிக் கேட்டு 2010இல் வெளியான ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக 7.27க்குப் படுக்கிறார்கள், ஹாங்காங் குழந்தைகள் 10.17க்கு. ஆசியக் குடும்பங்களில் பெற்றோரோடு படுப்பதுதான் வழக்கம். ஏழரை மணிக்குத் தனி அறை என்பது அவர்கள் ஊர் நடப்பு, நமக்கு விதி இல்லை. பார்க்க வேண்டியது வேறு. எல்லாக் குழந்தைகளும் ராத்திரியில் பலமுறை லேசாக முழித்துப் புரண்டு மறுபடி தூங்குகின்றன. தூங்கப்போகும்போது என்ன இருந்ததோ, அதையே அந்த முழிப்பிலும் தேடும்.

இது எங்களுக்குத் தொட்டில் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். உத்தரத்தில் மாட்டிய கொக்கி நானே லேத்தில் கடைந்தது, அதில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் ஆத்தாவின் பழைய சேலை. ஆட்டினால் தூக்கம் வருகிறது என்பது கிழவிகளின் கற்பனை இல்லை. ஜெனீவாவில் வளர்ந்த ஆண்களையே ஆடும் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சீக்கிரம் தூங்கினார்களாம், 2011இல் வெளியான ஆய்வு அது. தமிழில் தாலாட்டு என்ற சொல்லே தால், அதாவது நாக்கை ஆட்டுவதிலிருந்து வந்தது. பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் என்று ஒரு பருவமே இருக்கிறது. ஆக, தொட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேலைத் தொட்டிலில் பச்சைக் குழந்தையின் தாடை மார்பில் முட்டி மூச்சுக்குழல் மடங்கலாம். முதல் மாதங்களில் மல்லாக்கச் சமதளத்தில் படுக்க வைப்பதுதான் பத்திரம். எங்கள் சிக்கல் வேறு. ராத்திரி மூன்று மணிக்கும் அவளுக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. நானும் மனைவியும் கால் பெருவிரலில் கயிறு கட்டி, படுத்தபடியே இழுத்துக்கொண்டிருந்தோம். தரையில் படுக்கப் பழக்க மூன்று வாரம் ஆனது. முதலில் முதுகைத் தட்டிக்கொண்டு, பிறகு கையை வைத்துக்கொண்டு மட்டும், பிறகு பக்கத்தில் சும்மா படுத்துக்கொண்டு. போன வருடமும் அதே வழிதான் உதவியது.

நடுவில் ஒருநாள் பயந்துவிட்டோம். படுத்து ஒன்றரை மணி நேரம் இருக்கும், எழுந்து உட்கார்ந்து வீறிட்டாள். கண் திறந்திருக்கிறது, எங்களை அடையாளம் தெரியவில்லை, தொட்டால் தள்ளுகிறாள். பத்து நிமிடத்தில் தானாகப் படுத்துத் தூங்கிவிட்டாள். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி வெளியே வந்து மாட்டிக்கொள்வது இது. கெட்ட கனவு வேறு. அது விடியற்காலைப் பக்கம் வரும், குழந்தைக்கு ஞாபகமும் இருக்கும். தூக்கம் குறைந்த நாட்களில் இந்த அலறல் அதிகம் வரும் என்றும், உலுக்கி எழுப்பாமல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். ஆத்தா, பள்ளிவாசலில் ஓதிவிட்டு வரச் சொன்னார். இரண்டையும் செய்தோம். அப்புறம் வரவில்லை. யாரால் நின்றது என்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

தெரிந்தவர் ஒருவர் சளி சிரப் ஒரு மூடி கொடுத்தால் அசந்து தூங்கும் என்று யோசனை சொன்னார். சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். தூங்க வைப்பதற்காக எந்த சிரப்பும் வேண்டாம். சளிக்கே கொடுக்கும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது.

நோட்டில் இப்போது அவள் தூங்கிவிடும் நேரம் சராசரியாக இரவு 8.55. காலை 6.30க்குப் பெரும்பாலும் தானே எழுகிறாள். மாரியம்மன் பொங்கல், கல்யாணம், ஊர்ப்பயணம் வந்தால் எல்லாம் கலைகிறது. திரும்பிவர மூன்று நாள் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமை எனக்கு லேட்டாகும் நாள். தெரு முனையிலேயே பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன், மணி ஒன்பதரை. செருப்பை வாசலிலேயே கழற்றி, கதவைச் சத்தமில்லாமல் திறந்தால், கூடத்தில் டிவி இல்லை. இருட்டில் போர்வைக்குள் ஒரு வெளிச்சம். மனைவி தன் பழைய போனையும் ஒரு இயர்போனையும் ஆத்தாவுக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்று சீரியலும் இப்போது அதில் ஓடுகிறது. போர்வையை விலக்கி என்னைப் பார்த்தவர், காதில் இயர்போன் இருப்பதை மறந்து, தெருவே கேட்கும்படி கேட்டார்.

"கண்ணூ, சாப்ட்டயா? தோசை ஊத்தட்டுமா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்கும்."